முருங்கையில் பாடிய கரிச்சான்

ஈரத்துணியால் கணவர் மஸாஹிரின் உதட்டை ஹாலிதா துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் முற்றத்தில் அந்தக் குருவி பாடத் தொடங்கியது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டதிலிருந்து பேச்சில்லாமல் கிடந்த மனிதர், தலையைத் திருப்பினார்.

"ஹாலிதா, கேக்குதா? காட்டுக் கரிச்சான்."

"இது வீட்டுக் கரிச்சான். புத்தளத்தில எங்கட கூரையில பாடினதும் இதுதான்."

ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி வந்து காட்டோரமாய் வீடு கட்டிய நாளிலிருந்து இருவருக்குமிடையே இந்த வழக்கு இருந்தது. போரில் புத்தளத்துக்கு இடம்பெயர முன்னம், சின்ன வயதில், வாப்பாவோடு விறகுக்குப் போய்க் காட்டுக் கரிச்சானைக் கேட்டவர் மஸாஹிர். ஹாலிதா புத்தளத்தில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்தது வீட்டுக் கரிச்சான் மட்டும்தான். சீனி வருத்தம் அவருடைய கண்ணைக் கொண்டுபோன பிறகு வழக்குத் தீர வழியில்லாமல் போயிற்று; அவளைப் போய்ப் பார்க்கச் சொல்லி அவர் கேட்டதுமில்லை.

"வீட்டுக் கரிச்சான் சீட்டியடிச்சுப்போட்டு நிப்பாட்டும். இது தண்ணி ஓடுற மாதிரி இழுக்குது, பார். மற்றக் குருவியளின்ர சத்தத்தையும் களவெடுக்குது." மூச்சு வாங்கியது. "போய்ப் பாரன். வால் நீளமா, வயிறு செம்மண் நிறமெண்டா நான் சொன்னது சரி."

அவள் வெளியே போனாள். முருங்கைக் கொப்பில் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது குருவி. கட்டை வால். கறுத்த செட்டையில் வெள்ளைக் கோடு. வயிறு செம்மண்ணாய் இருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. இன்னும் கிட்டப் போனாள். வயிறு வெள்ளைதான். அது பறந்த பிறகும் சற்று நேரம் முருங்கையடியிலேயே நின்றாள்.

உள்ளே வந்தபோது அவருடைய முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. கண் போனதிலிருந்து அந்த மனிதரிடம் அவளால் ஒரு பொய்யும் சொல்ல முடிந்ததில்லை. குரலிலேயே பிடித்துவிடுவார்.

"வெள்ளைதான். வாலும் கட்டை."

மஸாஹிர் கண்ணை மூடிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். பிறகு உதடு மெல்ல விரிந்தது.

"அப்ப அதுவும் புத்தளத்திலயிருந்து எங்களோட வந்திட்டுது."

ஹாலிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மகள் ஷமீலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மதியத்து லுஹர் தொழுகைக்கு முன்னமே அவருடைய மூச்சு அடங்கிவிட்டது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

இனி நாலு மாதமும் பத்து நாளும் ஹாலிதா வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டும். மஸாஹிரின் தங்கை ஸாஜிதா துணிகளை எடுத்து யன்னல்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தாள்.

"முற்றத்துப் பக்கத்தையும் மூடட்டா மச்சி?"

"அதை விடு."

"ஆம்பிளையள் போய் வருவினம்."

"நான் தள்ளி இருக்கிறன். அதை விடு, ஸாஜிதா."

ஸாஜிதா ஷமீலாவைப் பார்த்தாள். பிறகு துணியை மடித்துக் கதிரையில் வைத்தாள். ஷமீலா எழும்பிப் போய்க் கொக்கியைத் தூக்கி, முருங்கைப் பக்கத்து யன்னற் கதவை அகலத் திறந்துவிட்டாள். காட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் மடித்த துணி பிரிந்து நிலத்தில் விழுந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.