தேனீப் பாடம்

சின்னவளைச் சோதிக்கச் சிறப்பு டீச்சர் வரப்போகிறார் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மக்கு இல்லை. காதில் விழுந்ததை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால்தான் வம்பு. "எழுத்தெல்லாம் ஓடுதுப்பா" என்பாள். எனக்கே மீசை நரைக்கிற வயதில்தான் எழுத்துக் கூட்ட வந்தது. அவளுக்கும் மெல்ல வரும் என்று இருந்துவிட்டேன்.

நான் சிமெண்டுக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். அங்கே சோதனைக்கு ஆள் வந்தால், ஈரம்பட்ட மூட்டைகளைப் பின்னால் தள்ளிவிட்டு நல்லவற்றை முன்வரிசையில் அடுக்குவோம். பள்ளிக்கூடச் சோதனையும் அதே ரகம்தான் என்று நினைத்தேன். தேறாவிட்டால் வகுப்பைவிட்டே எடுத்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரி வேறு புலம்பினாள்.

"தேனீப் பாடத்தத்தான் வாசிக்கச் சொல்வாங்களாம்" என்று பெரியவள் துப்புக் கொண்டுவந்தாள்.

அவள் வாசிக்க வாசிக்க, சின்னவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். தட்டுகள் அலமாரி ஏறுவதற்குள் பாடம் முழுவதும் அவள் வாயில் இருந்தது.

"மெதுவா சொல்லுடி. ரயிலுக்குப் போறவ மாதிரி ஓடாத."

"நடுநடுவுல திக்கட்டுமாக்கா? அப்பத்தான் நெசமா வாசிக்கிற மாதிரி இருக்கும்."

"அடி கள்ளி!" என்று வீட்டுக்காரி சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்.

சோதனையன்று அரைநாள் லீவு கேட்டேன். "ஏன்ணே, பரீட்சை உனக்கா புள்ளைக்கா? மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு" என்றான் மேஸ்திரி. "சிமெண்டுடா அது" என்று துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் சிறப்பு டீச்சர், வகுப்பு டீச்சர் இருவர் முன்னாலும் சின்னவள் வரிமேல் விரலை நகர்த்தி, இரண்டு இடத்தில் அழகாகத் திக்கி, பாடத்தை முடித்தாள். முடித்த கையோடு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சிறப்பு டீச்சர் புத்தகத்தை மூடினார். "நல்லாத்தானே வாசிக்கிறா? பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்ட ஒரு ஆள் போடலாம், பரீட்சையில வாயாலயே பதில் சொல்ல விடலாம்னுதான் பாக்க வந்தேன். இவளுக்கு அதெல்லாம் தேவைப்படாது போலிருக்கே."

வகுப்பு டீச்சர் சின்னவள் பக்கம் திரும்பினார். "அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் வாயத் தெறக்க மாட்டேங்கிற? அத்தனையும் சோம்பேறித்தனம். இனிமே உன் சாக்குப்போக்கு எதுவும் செல்லாது, பாத்துக்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை வெளியே தள்ள வந்த சோதனை இல்லை இது. கைகொடுக்க வந்ததை நாங்களே தட்டிவிட்டிருக்கிறோம். சிறப்பு டீச்சர் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"டீச்சர்" என்றேன். "வேற பக்கம் குடுத்துப் பாருங்க. இது மனப்பாடம். நாங்கதான் சொல்லிக்குடுத்தோம்."

அவர் மறுபடி உட்கார்ந்து வேறொரு பக்கத்தைத் திருப்பி வைத்தார். சின்னவள் குனிந்தாள். விரல் முதல் சொல்லிலேயே நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காதுமடல் சிவந்துகொண்டே போனது. தேனீயின் முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்தாள், அதுவும் பாதியில் அறுந்தது.

"போதும்மா. உம்மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார் சிறப்பு டீச்சர். அடுத்த வாரத்திலிருந்து ஆள் வருவார் என்று என்னிடம் சொன்னார். வகுப்பு டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் சின்னவள் நின்றாள்.

"நான் நல்லாத்தானப்பா சொன்னேன்?"

"ரொம்ப நல்லா சொன்னடா."

"நீங்க சொன்ன மாதிரியேதானே செஞ்சேன்?"

"ஆமாடா."

"அப்புறம் ஏன்ப்பா என்னைக் காட்டிக்குடுத்தீங்க?"

உனக்கு நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தேனீப் பாடத்தை ஒப்பிக்க வைத்ததும் அதையே சொல்லித்தானே என்று நினைவு வந்தது. சாலையைக் கடக்கக் கையை நீட்டினேன். அவள் பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லாரி ஒன்று போகும்வரை நின்று, தானாகக் கடந்து போனாள்.