மாரியில் இறைத்த தடாகம்

எங்கள் இத்தாலிய முதலாளி லோ வெர்தேக்கு நீச்சல் தடாகம் எதற்கு என்று கேட்டால், அவருடைய மைத்துனரிடம் ஒன்று இருந்தது என்பதுதான் பதில். மைத்துனரின் வீடு கடற்கரையோரம். இவருடையது மொன்றியாலே ஊருக்கும் மேலே, மலையில். கீழே பலெர்மோ நகரத்தில் சனம் வேர்த்து ஒழுகும்போது நாங்கள் இங்கே சால்வை தேடுவோம். கோடையிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான் அந்தத் தண்ணீரில் இறங்கலாம். மற்றக் காலமெல்லாம் இலையும் செத்த பல்லியும் மிதக்கிற பெரிய சட்டி அது. அதற்குக் காவல் நானும் என் மனுசன் சூசைதாசனும். எனக்கு வீட்டுக்குள் வேலை, அவருக்குத் தோட்டத்தில். வாசல் படலையடியில் எங்களுக்கு ஒரு அறை.

லோ வெர்தே கைநீட்டுகிற ஆள். தண்ணீரில் இலை கிடந்தால் சூசைதாசனுக்குப் பிடரியில் ஒன்று விழும். எனக்கு இரத்தம் கொதிக்கும். ஆனாலும் பொறுத்தோம். எங்கள் மகள் ஸ்ரெல்லா வவுனியாவில் என் தங்கச்சியோடு இருந்தாள். இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது. அவளைக் கூப்பிடுவதென்றால், இவர்களுக்கு வேலையும் இருக்க இடமும் கொடுத்திருக்கிறேன் என்று முதலாளி குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கு நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். வருசம் பிறந்ததும் வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

"அதுவரைக்கும் நீ வாயைப் பொத்து, நான் கையைக் கட்டுறன்" என்றார் சூசைதாசன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு லோ வெர்தே வந்து, புதுவருசத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், பிசினாவை, அதுதான் அந்தத் தடாகத்தை, நன்றாகக் கழுவி வை, கண்ணாடி போல இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் இளவாலை ஆளுக்கு நன்றாகக் கழுவு என்று சொன்னால் என்ன செய்வான்? கிணற்றைக் கலக்கி இறைப்பதுபோல இறைப்பான். சூசைதாசன் பம்ப் போட்டு அடிவரைக்கும் இறைத்தார். உள்ளே இறங்கி, நீளக் கட்டைப் பிடி வைத்த தூரிகையால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். நான் மேலே நின்று, "அந்தப் பக்கம் பாசி கிடக்கு, கண் தெரியேல்லையோ?" என்று கூவினேன். காய்ந்தபிறகு நிரப்பலாம் என்று விட்டோம்.

அன்றே மழை பிடித்தது. நாட்கணக்காக விடாமல் கொட்டியது. ஒரு காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் வெளியே பெரிய வெடிச் சத்தம். குண்டுக்குப் பழகிய நாங்கள் இரண்டுபேரும் யோசிக்காமல் கட்டிலுக்குக் கீழே போய்விட்டோம். கொஞ்சம் பொறுத்து எழும்பிப்போய்ப் பார்த்தால், தடாகத்தின் அடித்தரை பொரித்த அப்பளம் மாதிரி எழும்பி, பதித்திருந்த ஓடெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. உள்ளே நிற்கிற தண்ணீரின் பாரம்தான் தரையை அமத்தி வைத்திருக்கிறது, மாரியில் வெறுமையாக்கினால் நிலத்துத் தண்ணீர் கீழேயிருந்து தூக்கிவிடும் என்று பிறகு வந்த மேசன் சொன்னான். எங்கள் கிணறுகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதுகளுக்கு ஊற்றுக்கண் இருக்கிறது.

மத்தியானம் லோ வெர்தே தனியாக வந்தார். விளிம்பில் நின்று பார்த்தார். இலை அள்ளுகிற வலையின் அலுமினியத் தடியை எடுத்து சூசைதாசனின் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்து கண் முழுக்க இரத்தம். அடுத்த அடி வாயில். பல்லொன்று சீமெந்தில் விழுந்ததை நான் பார்த்தேன். என் மனுசன் முதுகுக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு மாடு மாதிரி நின்றார். தடி வளைந்ததும் லோ வெர்தே அதை எறிந்துவிட்டு, வெயில்குடையின் இரும்புக் கம்பியைப் பிடுங்கினார்.

"உன் பிள்ளை அங்கேயே கிடந்து சாகட்டும்!" என்று இத்தாலிய மொழியில் கத்தினார். "குவெஸ்தூராவா? வரமாட்டேன்!"

தூரிகை என் காலடியில் கிடந்தது. எடுத்து, கட்டைப் பக்கத்தால் லோ வெர்தேயின் முழங்காலுக்குப் பின்னால் ஓங்கி விட்டேன். திரும்பினார். இரண்டாவது அடி காதடியில். மனிதர் தடாகத்தின் ஆழமான பக்கத்துக்குள் நிலைதவறி விழுந்தார். கால் முறிந்த சத்தம் மேலே கேட்டது. எனக்கு அது நல்லாயிருந்தது.

"என்னடி செய்தனீ?" சூசைதாசன் இரத்தத்தைத் துப்பினார். "அப்ப நான் இவ்வளவு அடியும் ஏனடி வாங்கினனான்? பிள்ளையை நீயே இல்லாமல் ஆக்கிப்போட்டாயே!"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆனால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. லோ வெர்தே உடைந்த ஓட்டில் கையைக் கிழித்துக்கொண்டு ஏணிக்கு ஊர்ந்துவந்து, முதல் கம்பியைப் பிடித்தார். நான் குந்தியிருந்து தூரிகையால் அந்த விரல்களில் குத்தினேன். விழுந்தார். திரும்பப் பிடித்தார். திரும்பக் குத்தினேன். மழை பெய்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் வீடே இல்லை.

"குவெஸ்தூரா" என்றேன்.

என் தாயிலிருந்து தொடங்கி என் பரம்பரையையே தூஷணத்தால் கழுவினார். நான் தூரிகையை ஓங்கினேன். கடைசியில் மழைத் தண்ணீருக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சீ, சீ, வருகிறேன்" என்றார். அவர்கள் பாஷையில் சீ என்றால் ஓம்.

சூசைதாசன் என்னைத் தள்ளிவிட்டு இறங்கினார். தன்னை அடித்தவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். இரண்டுபேரின் இரத்தமும் ஒரே சட்டையில் ஊறியது.

பிசினாவுக்குள் வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் லோ வெர்தே சொன்னார். வேலைக்காரி அடித்துக் கால் முறிந்தது என்று எந்த ஆம்பிளை வாய்விட்டுச் சொல்லுவான்? கதை மைத்துனர் காதுக்குப் போனால் இவர் வெட்கத்தில் செத்தே போவார். நான் கூப்பிட்ட நாளில் ஊன்றுகோலோடு குவெஸ்தூராவுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் இருவர்மேலும் கைநீட்டவில்லை.

ஆனால் சூசைதாசன் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். உப்பு இருக்கா, கதவைப் பூட்டினியா, அவ்வளவுதான். அத்தனை அடியும் வாங்கி அவர் முடிக்க நினைத்ததை நான் இரண்டு அடியில் முடித்துவிட்டேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் ரோசம், நானும் போய்க் கெஞ்சவில்லை.

வைகாசியில் ஸ்ரெல்லா விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். என்னைக் கட்டிப்பிடிக்கக் கூச்சப்பட்டு, தகப்பனின் புருவத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இதென்ன காயம்?"

"பிசினாக்குள்ளை வழுக்கி விழுந்தனான், குஞ்சு."

லோ வெர்தே சொன்ன அதே பொய். பிள்ளை என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டாள்.

"அப்ப இந்த அம்மா எங்கை நிண்டவா?"

சூசைதாசன் என்னைப் பார்த்தார். மாதக்கணக்குக்குப் பிறகு முகத்துக்கு நேரே பார்த்தார். பல் போன இடம் தெரியச் சிரித்தார்.

"பக்கத்திலைதான் நிண்டவா" என்றார். "அவ நிண்டபடியால்தான் நீ வந்து இறங்கியிருக்கிறாய்."