சுத்தத் தண்ணீரில் வாடிய பாசி

அழுக்குத் தண்ணீரில் பாசி கொழுத்துக் கிடந்தது. சுத்தத் தண்ணீரில் வாடிக்கொண்டிருந்தது. பாசிக்காரி இரண்டு குடுவைகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். அதேதான். இப்படியும் ஒரு கூத்து உண்டா?

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பதினொரு வருடமாகப் பாசி வளர்க்கிறாள், அதனால் பாசிக்காரி. தொழிற்சாலைகள் கழித்துவிடும் தண்ணீர் அவளிடம் வரும். அதைக் குடுவைகளில் ஒன்றில் குறைத்து ஒன்றில் கூட்டி ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் நிரப்பி, கண்ணுக்கே தெரியாத பச்சைப்பாசியை விட்டு, மூன்று நாள் விளக்கடியில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பாள். ரசாயன விஷம் இருந்தால் பாசி குறுகிப்போகும். உரச்சத்து இருந்தால் கண்டபடி பெருகும். இரண்டுமே குளத்துக்குக் கேடுதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில குடுவைகளில் வடித்த சுத்தத் தண்ணீரும் சத்து உப்புகளும் மட்டும் இருக்கும். அதில் மூன்று நாளில் ஒன்று பதினாறாகியே தீரவேண்டும். ஆகாவிட்டால் மொத்தப் பரிசோதனையும் குப்பை.

இரண்டு தடவை குப்பையாகிவிட்டது. முதல் தடவை ஒன்று நாலானது, இப்போது மூன்றுகூட ஆகவில்லை.

மேலாளர் அம்மா கதவருகே வந்து நின்றார். "என்னம்மா இது? அழுக்கு டானிக் மாதிரி வேலை செய்யுது, சுத்தம் விஷமா இருக்கா? வெளியில சொன்னா கைகொட்டிச் சிரிப்பாங்க."

"ஏதோ ஒரு காரணம் இருக்கு மேடம். கண்டுபிடிச்சுடுவேன்."

"இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் தேறலைன்னா இந்த ரூமைக் காலி பண்ணிப் பழைய ஃபைலெல்லாம் அடுக்கிடுவோம். நீ வரவேற்பு மேஜைக்குப் போயிடு. போன் எடுக்க ஆள் இல்லாம அல்லாடுறோம்."

போன் எடுப்பதாம்! காலையில் வந்து விளக்கைப் போட்டதும் அந்தப் பச்சை முகத்தில் விழிப்பதுதான் அவளுக்குச் சந்தோஷம். அதை விட்டுவிட்டு யாருக்கோ "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டு உட்கார முடியுமா?

உப்பைப் புதிதாகக் கரைத்தாள். குடுவைகளை அமிலத்தில் ஊறப்போட்டுத் தேய்த்தாள். விளக்கை அளந்து பார்த்தாள். ஒன்றிலும் கோளாறில்லை. விதைக்கென்று மாதத்துக்கு முன்பே பிடித்த தண்ணீரில் விட்டுவைத்திருந்த தாய்க்குடுவைப் பாசியோ பச்சைப்பசேலென்று சிரித்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து யோசித்தாள். அழுக்கில் வளர்கிறது என்றால் பாசிக்கு நோயில்லை. ஆக, சுத்தத் தண்ணீரில்தான் என்னவோ இருக்கிறது. அழுக்கு அந்த என்னவோவைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. சட்டென்று எழுந்து சுத்தத் தண்ணீர்க் குழாயில் ஒரு புட்டி பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கே தண்ணீரில் உலோகம் பார்க்கிறவர் இருந்தார்.

அரை மணி நேரத்தில் அவர் காகிதத்தோடு வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "இது தண்ணியா, பாத்திரக் கடையாம்மா? அத்தனையும் செம்பு."

"செம்பா அண்ணே?"

"செம்பேதான். நாம குடிச்சா ஒண்ணும் ஆகாது. உன் பிள்ளைங்க தாங்குவாங்களா?"

எப்படித் தாங்கும்? தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க ஊரெல்லாம் செம்பு கலந்த மருந்தைத்தானே போடுகிறார்கள்! அவள் திரும்பிவந்து சுவரைப் பார்த்தாள். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் வடிகலத்திலிருந்து அவள் தண்ணீர் பிடிக்கும் இடம் வரைக்கும் செம்புக் குழாய் ஒன்று தகதகவென்று மின்னியது.

அதைப் போட்டவர் அவள் வீட்டுக்காரர்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய பிளாஸ்டிக் குழாய் ஒழுகியது. ஆபீசில் வழக்கமான பிளம்பரைக் கூப்பிட்டார்கள். வழக்கமான பிளம்பர் அவர்தான். வேறு இடமாக இருந்தால் மறுபடி பிளாஸ்டிக்கையே போட்டுவிட்டுப் போயிருப்பார். "என் வீட்டுக்காரி வேலை செய்யுற இடம்" என்று சொல்லி, செம்பில், வளைவெல்லாம் ஒரே அளவாக, பற்றவைத்த இடம் தெரியாமல் இழைத்துக் கொடுத்தார். மொத்த ஆபீசும் வந்து பார்த்தது. பாசிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றிலிருந்து தினம் காலையில் மெத்தென்ற துணியால் அதைத் துடைத்தும் வந்தாள்! வடித்த தண்ணீருக்கு அகோரப் பசி, தொட்டதையெல்லாம் கரைத்துக்கொள்ளும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் அவள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் போனில். "உங்க பைப்பு என் பாசியைக் கொல்லுது."

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டுகூட ஒழுகலைங்க."

"அப்புறம்?"

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "நல்லது பண்றேன்னு போய் உன் பொழப்புலயே கை வச்சுட்டேனே."

"அட, நீங்க குழாய்க்காரர், உங்களுக்கு எப்படித் தெரியும்? பாசிக்காரி நான் தினம் அதைத் துடைச்சுக்கிட்டு இருந்தேனே, என்னை எதால அடிக்கிறது?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். ஒரு மணி நேரத்தில் பையோடு வந்து, தானே இழைத்ததைத் தானே கழற்றினார். வெள்ளை பிளாஸ்டிக் குழாயைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "கண்றாவியா இருக்கு" என்றார். "அழகா இருக்குங்க" என்றாள் அவள், மனசாரத்தான் சொன்னாள்.

வடிகலத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, மூன்றாவது தடவையாகப் பாசியை விட்டாள். அப்புறம் மூன்று நாள் இருக்கிறதே! வீட்டுக்காரர் மணிக்கொரு தரம் போன் செய்து, "சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார், பாசியைத்தான். இரண்டாம் நாளே சுத்தக் குடுவைகளில் லேசாகப் பச்சை தட்டியது. கண் பட்டுவிடும் என்று அவள் வாயே திறக்கவில்லை.

மூன்று நாள் முடிந்த காலையில் மேலாளர் அம்மா வந்தார். "நகரும்மா. நானே எண்ணுறேன்." நுண்ணோக்கியடியில் கட்டம் போட்ட கண்ணாடி இருந்தது. விட்ட அன்றைக்குக் கட்டத்துக்கு ஒரு பாசி. இன்றைக்குக் கட்டத்துக்குப் பதினாறு பாசியாவது இருக்கவேண்டும். வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் தாழ்வாரத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மேலாளர் அம்மா எண்ணும் கருவியைத் தட்டிக்கொண்டே போனார். "இருபத்திரண்டு" என்றார். கண்ணை எடுக்காமலே அடுத்த கட்டத்துக்குப் போனார். "பத்தொன்பது." அடுத்தது. "இருபத்தாறு! அம்மாடி, சும்மா பிச்சுக்கிட்டு வளந்திருக்கு!" நிமிர்ந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஃபைலை வேற எங்கயாவது வச்சுக்கிறேன். போன் எடுக்க வேற ஆளைப் பாக்குறேன். நீ உன் வேலையைப் பாரு."

பாசிக்காரி தாழ்வாரத்துக்கு ஓடினாள். வீட்டுக்காரர் எண்ணிக்கையைக் கேட்கவில்லை.

"நீ இங்கயே இருக்கலாமா?"

"இங்கயேதாங்க!"

அந்த முரட்டு மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.