மேகத்தைக் கிழித்த மாமா

காளியண்ணன் மாமாவின் கருமாதியில் ஊர்ப் பெரியவர் மயில்சாமி, "ஊருக்கு மழை வேணும்னு பறக்கறதையே உட்டுக்கொடுத்த மகராசனுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா பந்தியில் இரண்டாவது வடையைக்கூட விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

மெட்ராஸில் லாரி செய்யும் கம்பெனியில் பெரிய மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, எழுபத்தொன்பதாம் வருஷம் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். ரிட்டயரானவர்கள் பழனிக்குப் போவார்கள். இவர் கோயமுத்தூருக்குப் போய்ச் சின்ன விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். வேலையில் இருந்தபோதே தொற்றிய கெட்ட பழக்கம். எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு மேலே தாழப் பறந்து, இறக்கையை ஆட்டிவிட்டுப் போவார். கோழிப் பண்ணைக்காரர்கள் முட்டை குறைகிறதென்று திட்டுவார்கள். இருட்டுவதற்குள் அதே மனிதர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்குவார். அதுவரை அவர் மனைவி, என் அக்கா சௌந்திரம், பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவரை எப்படியாவது தரையில் நிறுத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் வேண்டுதல்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. தண்ணீருக்கு நின்ற கூட்டத்தில் அக்கா பெருமூச்சு விட்டாள். "மேகம் கூடி வாரப்பவெல்லாம் எங்க ஊட்டுக்காரரு ரெக்கையில கிழிச்சுட்டுப் போயிடறாருங்க."

பக்கத்தில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொழுது சாய்வதற்குள் ஊரே மாமா வீட்டு வாசலில் நின்றது.

மேகம் எப்படி உண்டாகிறதென்று மாமா படம் போட்டு விளக்கினார். மயில்சாமி பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது அத்தனையும் சரிதானுங்க. மழை பேயட்டும், அப்பறம் பறங்க."

அதன் பிறகு மழைக்கு மாமாவைப் போல ஏங்கியவர் யாருமில்லை. மழை வேண்டி ஊரார் கழுதைக்குக் கல்யாணம் செய்தபோது, சாமியே கும்பிடாத மனிதர் பெண் கழுதைக்கு அப்பனாக நின்றார். மாப்பிள்ளையிடம் உதையும் வாங்கினார்.

அடுத்த ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. "இனிப் பறங்க சாமி" என்று ஊரே வந்து சொன்னது. "இன்னொரு மழை பாக்கலாமுங்க" என்றார் மாமா. அடுத்த மழைக்கும் அதையேதான் சொன்னார். ஊர் அவரைத் தியாகி ஆக்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஏன் பறக்கவில்லை என்று ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"பொரளியக் கெளப்புனது யாருன்னு எனக்குத் தெரியாதா மாப்ள? பொய்யே சொல்லாதவ, அத்தன பேரு முன்னால சொல்லியிருக்கா. அவ்வளவு பயம். அதுக்கு மேல நான் எங்க பறக்கறது?"

சொல்லிவிட்டு, வானத்தில் போன ஏதோ விமானத்தைப் பார்த்து, ஓட்டத் தெரியாத பயல் என்று வைதார்.

அப்படிப்பட்டவர் கடைசியில் கட்டிலில், தூக்கத்திலேயே போனார். கருமாதிக் கூட்டம் கலைந்ததும், அவருக்கு எல்லாம் தெரியும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சேவா இருந்தாரு?" அவள் மாரில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுசன்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போயிட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பனே!"

அனுப்பியிருக்கமாட்டாள். அது அவளுக்கும் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.