பள்ளம்னு சொன்னா எந்திரிக்கணும்

ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிளை ஆளுங்க எதுக்கு ஆசைப்பட்டு ஓட்டுறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. எங்க வீட்லயும் ஒண்ணு உண்டு, ஆசைக்கு வாங்கினதில்ல. டூரிஸ்டுங்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விட்ட ஏதோ ஓட்டலை மூடறாங்கன்னு பெரிய பையன் சல்லிசா தூக்கிட்டு வந்தான். மருமகளுங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில சலவை வேலை. காலையில ஆறு மணிக்கு உள்ள இருக்கணும், முதல் பஸ்ஸே ஏழுக்குத்தான்.

முன்னாடி பெரியவ. ஹேண்டில், பிரேக் எல்லாம் அவ கையில. பின்னாடி சின்னவ. அவளுக்கு ரோடே தெரியாது, பெரியவ முதுகுதான் தெரியும், அதுவும் கொஞ்சம் அகலம். அதனால பெரியவ "பள்ளம்"னு கத்துவா, சின்னவ சீட்டை விட்டு லேசா எந்திரிச்சுக்குவா. எங்க தெருவுல பள்ளத்துக்கா பஞ்சம்? பால்கனியில நின்னா திருப்பம் வரைக்கும் இந்தக் கத்தல்தான்.

ஒரு நாள் சின்னவ இஸ்திரி மெஷின்ல ஒரு பெட்ஷீட்டைத் தீய்ச்சுட்டா. யாருன்னு சூப்பர்வைசர் கேட்டதும் பெரியவ பட்டுனு அவளைக் கை காட்டிட்டா. சின்னவளைத் தூக்கி அழுக்குத் துணி பிரிக்கிற ரூம்ல போட்டாங்க. ரத்தமும் சீழும் ஒட்டின துணி. அன்னையிலேர்ந்து பேச்சு கிடையாது. சைக்கிள்ல மட்டும் அந்த ஒரு வார்த்தை.

சின்னவ உம்முனு இருக்க இருக்க பெரியவளுக்கு எரிச்சல். ஒரு காலையில பள்ளம் வந்தப்ப வேணும்னே வாயை மூடிக்கிட்டா. தூக்கிப் போட்டதுல சின்னவளுக்கு நாக்கு கடிபட்டு ரத்தம். இறங்கி நடந்தே போனா. மறுநாளும் நடைதான். ரெண்டு நாளும் லேட்டு. மூணாவது லேட்டுன்னா வேலை போச்சு.

மூணாவது நாள் பெரியவ சைக்கிளோட வாசல்ல நின்னா.

"ஏறுடி."

"நான் முன்னாடின்னா வரேன்."

"உனக்கு பிரேக் பிடிக்கத் தெரியுமா?"

"உங்களுக்கு வாயைத் திறக்கத் தெரிஞ்சுதா அக்கா?"

பெரியவ பின்னாடி போய் உக்காந்தா. தெரு முனை வரைக்கும் அலறல். "மெதுவாடி! எனக்கு ஒண்ணுமே தெரியலடி!"

"எனக்கும் இத்தனை நாள் இப்படித்தான்க்கா. பள்ளம்!"

ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப போய்ச் சேந்தாங்களாம். அதுக்கப்புறம் சின்னவதான் முன்னாடி.

அடுத்த மாசம் தெருவுக்குப் புது தார் போட்டாங்க, கண்ணாடி மாதிரி. பால்கனியிலேர்ந்து பாக்கறேன், சின்னவ இன்னும் "பள்ளம்"ங்கறா, பெரியவ எந்திரிக்கறா. திருப்பத்துக்குள்ள அஞ்சு தடவை.

சாயங்காலம் பெரியவளைக் கேட்டேன். "ஏண்டி, ரோடு போட்டது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை."

"அப்புறம் எதுக்கு எந்திரிக்கற?"

"அவ சொல்றாளே."

உள்ளேர்ந்து சின்னவ குரல் குடுத்தா. "நாளைக்கு ஏழு தடவை எழுப்பறேன், எண்ணிக்கோங்க அத்தை!"

"எழுப்பு, எழுப்பு"ன்னுட்டு பெரியவ காய்ஞ்ச துணியை மடிக்க ஆரம்பிச்சா.