அலம்பிய குப்பி

அத்தை ஜெயலக்ஷ்மி என்னை யாரென்று கேட்ட அன்றுதான், வெளியூரிலிருந்து வந்திருந்த அவள் மகன் மஹேஷ் அத்தான் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து இடம் கேட்டார்.

அத்தை ஸ்ரீவராகத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். மாமா இறந்து பல வருடம் ஆகிறது. அன்று, அவர் ஆபீஸிலிருந்து இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூளை தேய்ந்துவிட்டது என்றார் அத்தான். போன வாரம்வரை பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டவளுக்குத் திடீரென்று அப்படி ஆகுமா? மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிற எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்தால் ஜுரம் இல்லாமலே புத்தி தடுமாறலாம் என்றார் அவர். அத்தைக்குச் சிறுநீர் போகையில் எரிச்சலும் இருந்தது. அவர் எழுதிய மாத்திரை அத்தைக்குப் பழக்கமானதுதான். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த தடவைக்கென்று காப்பிப்பொடி டப்பாவில் போட்டுவைப்பாள். இந்த முறை அந்த மாத்திரைக்குக் கேட்கவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று தெரிய, சிறுநீரை லேபில் கொடுக்கச் சொன்னார்.

லேபில் தந்த குப்பியில் அத்தை பிடித்துத் தந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல கிருமிகள் கலந்திருப்பதால் ஒன்றும் சொல்லமுடியாது என்று ரிசல்ட் வந்தது.

லேபில் இருந்த ரெம்யா மலையாளத்தில், "குப்பி கழுகியோ?" என்றாள்.

கழுவினால் தண்ணீரிலுள்ள கிருமியும் சேர்ந்துவிடுமாம். கழுவவில்லை என்றேன். வழியெல்லாம் சந்தேகமாக இருந்தது. வந்ததும் அத்தையைக் கேட்டேன்.

"பின்னே, அலம்பாமயா? வெளியேந்து வந்தது, யார் தொட்டாளோ. குழாயடியில நன்னா அலம்பினேன்."

மாமா போனதை மறந்தவளுக்கு இது மறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் சிரிக்கவில்லை. கோயம்புத்தூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை, குளியலறை வாசலில் புதுக் குப்பியை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில்தான் மூடியைத் திறந்து நீட்டினேன். மானத்தை வாங்குகிறாய் என்று அத்தை திட்டித் தீர்த்தாள்.

பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகிப்போனதால் அந்த மாத்திரைக்கு இனி இந்தக் கிருமி சாகாது, ஓர் ஊசிக்குச் சாகும் என்று இந்த முறை தெரிந்தது. ஊசிகள் முடியும்வரை பொறுக்கும்படி டாக்டர் சொன்னார். அத்தான் அரைமனதோடு டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். நர்ஸ் சரசம்மா தினமும் வீட்டுக்கு வந்து ஊசி போட்டாள்.

ஒரு காலையில் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ராஜி, இந்தக் கசங்கல் தாவணியோடயா க்ளாஸுக்குப் போகப்போறே?"

அத்தான் மெதுவாக, அப்பா எங்கே என்று கேட்டார்.

"அவர் போய்ச் சேந்து எத்தனை வருஷமாச்சு. உன்னைத்தாண்டா டாக்டர்ட்ட காட்டணும்."

அத்தான் எழுந்து போய் இல்லத்துக்குப் போன் செய்து, இடம் வேண்டாம் என்றார்.

மறுநாள் சரசம்மாவிடம் அத்தை, எரிச்சல் போய்விட்டது, மிச்ச ஊசிகளை அடுத்த தடவைக்கு வைத்துவிட்டுப் போ என்றாள். சரசம்மா காதில் விழாததுபோல அன்றைய ஊசிக்கு மருந்தை உடைத்தாள். அன்றே அத்தான் காப்பிப்பொடி டப்பாவிலிருந்த மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைப் பிடுங்கி, அலம்பக் கொண்டுபோனாள்.