சுமையைக் கப்பலே சொல்லட்டும்

எங்கள் தீவின் சவுசவு துறையிலிருந்து கப்பல் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டும். அன்று ஒன்பதரை ஆகியும் கேப்டன் அபாகூகி நகரவில்லை. துறையின் விளிம்பில் குனிந்து நின்று கப்பலின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷலேன், இங்க வா. உன் கம்ப்யூட்டர் எத்தனை டன்னு சொல்லுது?"

"நூத்தி எழுபத்தஞ்சு, கேப்டன். நூத்தி எண்பது வரைக்கும் ஏத்தலாமே."

"அப்போ சுமை எல்லைக்குப் போட்ட அந்த வெள்ளைக் கோடு ஏன் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு? உன் கம்ப்யூட்டருக்கு நீச்சல் தெரியும்போல. மேல்தட்டுல நூறு பேர் உக்காந்திருக்காங்க."

சரக்கை இறக்கிச் சரிபார்த்தோம். உண்மையான சுமை இருநூறு டன். மதியம் வரை பயணிகள் வெயிலில் காத்திருந்தார்கள். என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தப்பு, இந்தத் துறையின் கணினிக்கு நான் எழுதிய நிரலுடையது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு துறையிலும் ஒரு கணினி. அதில் அந்தத் துறைக்கான நிரல். கப்பலுக்கென்று தனி நிரல் ஒன்று தலைநகர் சுவாவில் உள்ள தலைமை அலுவலகத்தில் ஓடும். அதை எழுதியவள் உலாமிலா. நாங்கள் எங்கிருந்தும் அதைக் கூப்பிடலாம். 'சுமை ஏற்று' என்று கேட்டால் அது கூட்டிப் பார்த்து, எல்லை தாண்டினால் மறுத்துவிடும். அதற்குள்ளேயே 'சுமையை எழுது' என்று இன்னொரு மெத்தட், அதாவது கட்டளை. கேள்வியே கேட்காமல் கொடுத்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளும். அவள் தன் சொந்த வேலைக்காக வைத்தது. ஆனால் பிரைவேட் என்று மூடாமல், வெளியிலிருந்து யாரும் கூப்பிடும்படி பப்ளிக்காக விட்டிருந்தாள். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அன்று கப்பல் வரும்போது நூற்றைம்பது டன். இருபது டன் சிமெண்ட் இறங்கத் தொடங்கியது. என் நிரல் நூற்றைம்பதைப் படித்து வைத்துக்கொண்டது. சிமெண்ட் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கவுண்டரில் 'சுமை ஏற்று' வழியாக இருபத்தைந்து டன் கொப்பரை ஏறியது. கப்பலும் அதைக் கூட்டிக்கொண்டது. பிறகு என் நிரல் வந்து, பழைய கணக்குப்படி நூற்று முப்பது என்று எழுதிவிட்டுப் போனது. இருபத்தைந்து டன் கொப்பரை திரையிலிருந்து மறைந்தது. இன்னும் நாற்பத்தைந்து டன் ஏற்றினார்கள். கப்பலின் நிரலும் இடம் இருக்கிறதென்று நம்பிச் சரி என்றது.

உலாமிலாவுக்குப் போன் செய்தேன்.

"ஓய்லே, ஐயோ! அதை நீ ஏன்ப்பா தொட்டே? இன்னிக்கே பிரைவேட் ஆக்கிடறேன், பாரு."

"ஆக்கினா என் நிரல் படுத்துரும்."

"படுக்கட்டும். கப்பல் படுக்கறதுக்கு அது மேல்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "சிமெண்ட் இறங்கினதை நான் எப்படிச் சொல்றது, உலா? ஏத்துறதுக்கு வழி வச்சே. இறக்குறதுக்கு வச்சியா?"

அவள் விசைப்பலகையைத் தட்டித் தேடுவது கேட்டது.

"பாதி வழியில இறக்குவீங்களா?"

"இறக்காம? சவுசவுல யாரும் வீடு கட்டவே மாட்டாங்கன்னு நினைச்சியா?"

"சுவாவுல உக்காந்திருந்தா அது தெரியலப்பா," என்றாள் மெதுவாக. "நான் அங்க வரேன்."

வியாழக்கிழமை அதே கப்பலில் வந்து இறங்கினாள், கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்துப்போய். என் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டிச் சுருளை வாங்கி வைத்துக்கொண்டாளே தவிரத் தின்னவில்லை. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று நாள் முழுக்கக் குறித்தாள்.

'சுமை இறக்கு' என்று புதிதாக ஒரு மெத்தட் எழுதினாள். எவ்வளவு இறங்கியது என்று மட்டும் நாங்கள் சொல்வோம். மொத்தத்தைக் கப்பலே கழித்துக்கொள்ளும். மொத்தத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் மாற்ற முடியாது. ஆனால் பழையதை அவள் உடனே மூடிவிடவில்லை.

"நீ ஒருத்தன் நுழைஞ்சேன்னா இன்னும் எத்தனை பேர் நுழைஞ்சிருப்பாங்களோ. ஒரு வாரம் யார் யார் கூப்பிடறாங்கன்னு பதிவு பண்ணிப் பார்ப்போம்."

என் நிரலைப் புது வழிக்கு மாற்றினேன். அப்புறமும் அந்த வாரத்தில் பழையதற்கு மூன்று அழைப்புகள். மூன்றும் கப்பலுக்குள்ளிருந்தே வந்திருந்தன, கேப்டனின் கைக்கணினியிலிருந்து.

"கேப்டன், நீங்களுமா?" என்றாள் உலாமிலா.

அபாகூகி தலையைச் சொறிந்தார். "டீசல் போட்டா எடை ஏறும்ல? ஆபீஸ்ல முன்னாடி இருந்த பையன் இதுல ஒரு பட்டன் வச்சுக் கொடுத்தான். அமுக்கினா எழுதிக்கும். வேற எங்கம்மா எழுதறது, கடல்லயா?"

அவள் சிரித்த சிரிப்பில் கொப்பரை தூக்குகிறவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அன்றே டீசலுக்கும் ஒரு வழி செய்து, அவருடைய பட்டனை அதில் இணைத்தாள். அடுத்த திங்கட்கிழமை 'சுமையை எழுது' மூடப்பட்டது. எந்தத் துறையிலும் எதுவும் நிற்கவில்லை.

அன்றைய பயணத்தில் சுமை நூற்று எழுபத்தெட்டு டன்னைத் தொட்டதும் கப்பலின் நிரல் அடுத்த ஐந்து டன்னை மறுத்தது. கொப்பரைக்காரர் ஜோசேவா என்னிடம் எகிறினார்.

"ஒரு அஞ்சு டன் தானேடா! நீ மனசு வச்சா முடியாதா?"

"முடியாதுண்ணே. இப்போ நான் நினைச்சாலும் முடியாது. வியாழக்கிழமை முதல் ஆளா உங்களுதுதான்."

முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளைக் கிடங்குக்கு இழுக்கச் சொன்னார். கேப்டன் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார். வெள்ளைக் கோடு தண்ணீருக்கு மேல் ஒரு விரலளவு தெரிந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கையசைத்தார்.

உலாமிலா சுவாவுக்குத் திரும்பவில்லை. அடுத்த கப்பலில் போய்ப் பக்கத்துத் தீவான தவேயுனியின் துறையையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, வாந்தி மாத்திரை வாங்கக் கடைத்தெருப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.